சூப் என்றால் இழு

எழுந்ததும் அடுப்பில் இரண்டு விறகு வைப்பேன். நாயை வெளியே விடுவேன். அது கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கதவைச் சுரண்டும். காபி ஒரு கோப்பை. நின்றபடியே குடிப்பேன். கம்பளி உள்ளாடை, ரம்பம் பட்டாலும் சட்டென்று கிழியாத கால்சட்டை, பூட்ஸ். ரேடியோவில் வானிலை கேட்பேன். அணைப்பேன்.

பிறகு கொட்டகை. சிப்பர் அங்கே நிற்கும். மரத்தை விழுங்கித் துண்டு துண்டாகத் துப்பும் மெஷின். சக்கரங்கள் இல்லை; இரண்டு பக்கமும் ரப்பர் பட்டைகள். சேற்றிலும் சரிவிலும் தானாக ஊர்ந்து போகும். டீசல் பார்ப்பேன். ஆயில் பார்ப்பேன். கத்திகளின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். வாய்க்குள் இருக்கும் பல் உருளைகளுக்குக் கிரீஸ் அடிப்பேன். இன்ஜினைப் போட்டு, வாய்க்கு மேலே உள்ள சிவப்புக் கம்பியை அமுக்குவேன். உருளைகள் நிற்க வேண்டும். நிற்கும். இன்ஜினை அணைப்பேன்.

கடைசியாக வின்ச், மெஷினில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை. கயிற்றை முழுவதும் வெளியே இழுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் தடவிக்கொண்டே போவேன். இழை அறுந்த இடம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத்தான் தெரியும். பிறகு பிசகாமல் சுற்றி, கொக்கியை அதன் இடத்தில் மாட்டி, அது கழலாதபடி பூட்டு ஊசியைச் செருகுவேன்.

இதெல்லாம் என் மனைவி ஹெடி செய்த வேலை. மார்ச்சில் அவள் இறந்தாள். அதிலிருந்து நான் செய்கிறேன்.

மரம் வெட்டும் தொழில் அவள் குடும்பத்துடையது. அப்பா அலோசியஸ் ரம்பம் பிடிப்பார். அக்கா ரெஜினா கயிறு கட்டுவாள். ஹெடி மெஷினில் நிற்பாள். நான் ஓட்டாவாவில் புவியியல் படித்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, கிளைகளை இழுத்துப் போடும் ஆளாக இருந்தேன். அவள் போன பிறகு மெஷினுக்கு வந்தேன். யாரும் வரச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஆள் இல்லை. போய் நின்றேன்.

அவள் விழுந்தது எங்கள் சமையலறையில். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் கதவருகே உட்கார்ந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவள் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. அவள் கடைசியாகப் பேசியதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

ஊருக்கு அது போதவில்லை. உதட்டில் ஜெபத்தோடு போனாள் என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். 'அப்பாவப் பாத்துக்கோ'ன்னு சொன்னாளாமே என்று தபால் நிலையத்துப் பெண் என்னிடமே சொன்னாள். பேக்கரியில் வேறொன்று ஓடியது. நான் எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி வரும்.

அலோசியஸ் ஒரே ஒரு முறை கேட்டார். வேலைக்குப் போகும் வழியில், வண்டியில்.

"அவ என்னதான் சொன்னா, கான்ராட்?"

"சாதாரணமாத்தான் பேசிட்டிருந்தா."

"சாதாரணமான்னா?"

நான் ரோட்டைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அது அவ்வளவு சின்னப் பேச்சு. ஊர் அவருக்குப் பெரிய பெரிய வாக்கியங்களாகக் கொடுத்திருந்தது. இதைக் கொண்டுபோய்க் கையில் வைத்தால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, அவளுடைய சட்டைகளை ரெஜினா எடுத்துக்கொண்டாள். ஹெடியின் சின்ன வயதுப் படங்கள் அவள் அம்மாவின் பெட்டியில் இருந்தன, இப்போது அலோசியஸின் அலமாரியில். எனக்கு மட்டும் என்று என்னிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்.

ஆனால் கோடையிலிருந்து வேறொன்றைக் கவனித்தேன். ரெஜினாவும் கவனித்தாள். அலோசியஸ் மரத்தடியை விட்டு விலகுவதற்குத் தாமதித்தார்.

எங்கள் பக்கம் ஆஷ் மரங்கள் எல்லாம் செத்துக்கொண்டிருக்கின்றன. பச்சை வண்டு ஒன்று பட்டைக்கு அடியில் போய்த் தின்றுவிடுகிறது. செத்த ஆஷ் அப்பளம் மாதிரி. ஏற முடியாது. அடியில் நின்று ஆப்பு அடித்தால், அடிக்கிற அதிர்ச்சியிலேயே மேலிருந்து கிளை உடைந்து தலையில் விழும். அதனால்தான் வின்ச். உயரத்தில் கயிறு கட்டி, வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டு, வெட்டியவர் விலகிப் போய் நின்றபின், தூரத்திலிருந்து மெஷின் இழுக்கும். மரம் விழும்போது அடியில் ஆளே இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். அலோசியஸுக்கு இது தெரியாததல்ல. இருந்தும், வெட்டி முடித்த பிறகு ரம்பத்தைத் துடைப்பார். தண்ணீர் குடிப்பார். மேலே பார்ப்பார். பிறகு நடப்பார், தோட்டத்தில் உலாவுகிறவர் போல.

"அப்பா, அது மரம், சாமி சிலை இல்ல. கும்பிட்டது போதும், நகருங்க," என்பாள் ரெஜினா.

அவர் நகர்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெதுவாக.

அக்டோபர் கடைசியில் ப்ரூடனெல் பக்கம் டெஸ்மண்டின் பண்ணைக்குப் போனோம். டெஸ்மண்ட் ஐரிஷ்காரர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், எங்கள் பழைய வாடிக்கை. வண்டி நுழைந்ததும் வாசல் மேடையிலிருந்து கத்தினார்.

"போலாந்துக்காரங்க வந்தாச்சு! இன்னிக்கி சூப் உண்டா?"

"போலாந்து இல்லய்யா, காஷூப். அது வேற சனம். எத்தன தடவ சொல்றது?" என்றார் அலோசியஸ்.

"மழை பேஞ்சா ரெண்டும் ஒரே மாதிரிதான நனையுது?"

"நீ வாய மூடிட்டு உக்காந்திருந்தா சூப் உண்டு. இல்லன்னா வீட்டு மேலயே மரத்தப் போட்டுட்டுப் போயிடுவேன்."

இந்த சூப் கதையில் டெஸ்மண்டுக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஹெல்மெட்டுகளில் ரேடியோ இருக்கிறது. மெஷின் சத்தத்தில் நேராகப் பேசினால் கேட்காது. முன்பெல்லாம் இழுக்கச் சொல்ல 'கோ', நிறுத்தச் சொல்ல 'நோ'. ஒரு குளிர்காலத்தில் ரெஜினா கொக்கியைச் சரிசெய்துகொண்டே 'நோ, நோ' என்று கத்தினாள். ஹெடி காதில் அது 'கோ, கோ' என்று விழுந்தது. கயிறு ஓடியது. ரெஜினாவின் கையுறையில் சுண்டுவிரல் நுனி கிழிந்து போனது. விரல் பிழைத்தது.

அன்று மதியம் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். ஹெடி பிளாஸ்க் மூடியில் ஊற்றியிருந்த சூப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இனிமே சூப்னா இழு."

"என்னடி உளர்ற?" என்றாள் ரெஜினா.

"மரத்துக்கு அடியில நின்னுகிட்டு எவனும் தப்பித் தவறிகூட சூப்னு சொல்ல மாட்டான். சூப்னு கேட்டா இழுப்பேன். வேற எது கேட்டாலும் நிறுத்திடுவேன். தும்மினாலும் நிறுத்திடுவேன். கெட்ட வார்த்த பேசினாலும் நிறுத்திடுவேன்."

"அப்ப அப்பா இருக்கிற வரைக்கும் ஒரு மரமும் விழாது," என்றாள் ரெஜினா.

அடுத்த வாரமே டெஸ்மண்டின் பண்ணை. அலோசியஸ் வெட்டை முடித்துவிட்டு இன்னும் மரத்தடியில் இருந்தார். டெஸ்மண்ட் அவரைத் தேடிக்கொண்டு நேராகப் போய், ஹெல்மெட் பக்கத்தில் வாயை வைத்து, "அலோசியஸ், சூப் சாப்பிடுறியா?" என்று கேட்டார். எல்லார் காதிலும் விழுந்தது. ஹெடி இழுக்கவில்லை. அது அப்பாவின் குரல் அல்ல. அதோடு யாருடையவோ இரண்டு கால்கள் அதிகமாகத் தெரிந்தன. மெஷினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டெஸ்மண்டைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசல் மேடையில் உட்கார வைத்தாள். மரம் விழுந்த பிறகு அவருடைய சூப்பையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அன்று விதி இன்னும் நீண்டது. வெட்டுகிறவரின் குரல் மட்டும். ஆள் எங்கே நிற்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும்.

இந்த முறை மரம் பெரியது. டெஸ்மண்டின் சமையலறைக் கூரைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மரங்கொத்திகள் பட்டையை உரித்துப் போட்டு, உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. எதிர்த்திசையில், வைக்கோல் வயலில் விழவைக்க வேண்டும். நேர் எதிரே மெஷினை நிறுத்த வழியில்லை. அங்கே பள்ளம், தண்ணீர் ஊறிய மண். ரப்பர் பட்டையானாலும் புதையும். அதனால் பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் உயிருள்ள மேப்பிள் மரத்தின் அடியில் கப்பியைக் கட்டினோம். ஆஷின் உச்சியிலிருந்து கயிறு கப்பிக்குப் போகும். அங்கே திரும்பி, வலது பக்கம் கெட்டியான தரையில் நிற்கும் மெஷினுக்கு வரும்.

கயிறு இப்படி மடங்கினால் இரண்டு பக்கக் கயிற்றுக்கும் நடுவில் ஒரு உள்பக்கம் உண்டாகும். அங்கே யாரும் நிற்கக் கூடாது. கப்பியைக் கட்டியிருக்கும் பட்டை அறுந்தால், கப்பியும் கயிறும் அந்த உள்பக்கமாகத்தான் பாயும். அதன் குறுக்கே எது இருந்தாலும் நிற்காது. இதை எங்களில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் ஹெடி தினமும் சொல்வாள்.

ரெஜினா பெரிய கவணால் மெல்லிய நூலை உச்சிக் கவட்டுக்கு மேல் அடித்தாள். இரண்டாம் முறை விழுந்தது. நூலோடு கயிறு ஏறியது. பிறகு அவள் மரத்தின் இடது பக்கம், கயிற்றுக்கு வெளிப்பக்கமாக, முள்புதரை வெட்டி அலோசியஸ் விலகிப் போக ஒரு வழி செய்தாள். பழைய கம்பிவேலியையும் அறுத்து ஒதுக்கினாள். நான் மெஷினைக் கயிற்றுக்கு நேராகத் திருப்பி, முன்பக்கத்தை ஒரு அடிக்கட்டையில் முட்டக் கொடுத்து நிறுத்தினேன். பக்கவாட்டில் இழுத்தால் மெஷினே கவிழும். கத்திகள் சுழலாதபடி நெம்புகோலைத் தள்ளினேன். கயிறு வெளியே இருக்கும்போது கத்தி சுழலக் கூடாது. கயிறு மெஷினின் வாயில் மாட்டினால், மறுமுனையில் எது இருந்தாலும், யார் இருந்தாலும், அதுவும் உள்ளே வரும்.

ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மெஷினுக்குப் பின்னால் தள்ளி நின்றேன்.

"கொஞ்சம் இறுக்கு," என்றார் அலோசியஸ்.

கயிற்றை இறுக்கினேன். ஆஷ் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. அவர் வயல் பக்கம் முன்வெட்டுப் போட்டார். ஆப்பு வடிவத் துண்டு வெளியே விழுந்தது. எதிர்ப்பக்கம் பின்வெட்டுப் போட்டார். மரம் மடங்கிச் சாயும் கீல் அளவுக்கு மட்டும் விட்டு நிறுத்தினார். ரம்பத்தை அணைத்தார். வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் எப்போதும் சுத்தமாக வெட்டுவார்.

பிறகு அவர் இடது பக்கம் போகவில்லை. வலது பக்கம் திரும்பினார். சமதரையான புல்லில் நடந்து, உள்பக்கத்தின் நடுவில் இருந்த பழைய கேட் கம்பத்தருகே போய் நின்றார். ரம்பத்தைக் கீழே வைத்தார். கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"சூப்."

என் கட்டைவிரல் பித்தான் மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

"கான்ராட். சூப்னேன். காது கேக்குதா?"

"கேக்குது. உள்பக்கம் நிக்கறீங்க."

"தெரியும்."

"வெளிய வாங்க."

"அந்தப் பக்கம் முள்ளு. முட்டி வலிக்குது. இங்கயே நிக்கறேன், நீ இழு."

"அப்பா!" என்றாள் ரெஜினா. அவள் வெளிப்பக்கத்தில், தான் வெட்டிய வழியின் முடிவில் நின்றிருந்தாள். "காலையிலிருந்து குனிஞ்சு குனிஞ்சு ராஜபாட்டை மாதிரி வெட்டி வச்சிருக்கேன். முள்ளாம் முள்ளு."

"உன்ன யாரு வெட்டச் சொன்னா?"

"ஹெடி சொன்னா. ஒவ்வொரு மரத்துக்கும் சொன்னா."

ரேடியோவில் அவர் மூச்சு கேட்டது.

"பட்டை புதுசு. கப்பி புதுசு. ஒண்ணும் ஆகாது," என்றார். பிறகு, யாரிடமும் அல்லாமல், "ஆனா ஆகட்டும்," என்றார்.

வாசல் மேடையிலிருந்து டெஸ்மண்ட் கத்தினார். "என்னய்யா, சூப் ஆறிப் போச்சா?"

"டெஸ்மண்ட், வாய மூடு!" என்று ரெஜினா கத்தினாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. டெஸ்மண்ட் உட்கார்ந்துவிட்டார்.

காற்று கிளம்பியிருந்தது. வானிலையில் பிற்பகல் என்று சொல்லியிருந்தார்கள். ஆஷின் உச்சி லேசாக ஆடியது. அது முக்கால்வாசி வெட்டுப்பட்ட மரம். கயிறு பிடித்திருந்ததால் நின்றது. தளர்த்தினால் டெஸ்மண்டின் சமையலறை மேல் போகும். இழுத்தால் அவர் உள்ளே நிற்கிறார். இப்படியே நின்றால் காற்று முடிவு செய்யும். செத்த மரத்தின் கீல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்குப் பயம் வரவில்லை. மார்ச்சிலிருந்து எதுவும் வருவதில்லை. அடக்கத்தில் வரவில்லை, ரெஜினா வந்து சட்டைகளைப் பெட்டியில் அடுக்கியபோதும் வரவில்லை. ஆனால் ஹெடி போட்ட விதி இருந்தது. அதைச் செய்ய எதுவும் வர வேண்டியதில்லை. ஆள் உள்பக்கம் இருந்தால் இழுப்பதில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன செய்வது என்று அந்த விதியில் இல்லை.

"இழுடா," என்றார் அலோசியஸ்.

"அது சூப் இல்ல."

"சூப்."

"நீங்க நிக்கற எடத்துல சூப் கெடையாது."

"உனக்கு என்னடா தெரியும்? ஆறு மாசத்துக்கு மேல என் மேசையில சாப்பிடற. ஒரு வார்த்த பேசற? ஒவ்வொருத்தனும் வந்து என்கிட்ட ஒண்ணு சொல்றான். பாதிரியார் ஜெபங்கறாரு. அவ கோயிலுக்கு வந்தாலே பெஞ்சுல தூங்குவா. அப்பாவப் பாத்துக்கோன்னாளாம். அவ அப்படிப் பேசற ஆளா? என் பொண்ணு வாயில ஊரே பேசுது. அவ மட்டும் பேசமாட்டேங்கறா."

இதைச் சொல்லும்போது அவர் கத்தவில்லை. ரேடியோ எல்லாவற்றையும் காதுக்குள் கொண்டுவந்து வைத்தது.

நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது.

"வெளிய வாங்க, சொல்றேன்," என்றேன்.

"என்னத்த?"

"அவ கடைசியா சொன்னத."

அவர் தலை என் பக்கம் திரும்பியது. தூரத்தில் முகம் தெரியவில்லை. ஹெல்மெட்டின் ஆரஞ்சு நிறம் மட்டும் தெரிந்தது.

"ஊர்ல சொல்றாங்களே, அதுவா?"

"இல்ல. அவ சொன்னது."

"இப்ப சொல்லு."

"உள்பக்கம் நிக்கறவங்ககிட்ட சொல்ல முடியாது."

"பேரம் பேசறியா?"

"ஆமா."

"அப்பா," என்றாள் ரெஜினா. குரல் பழையபடி ஆகியிருந்தது, கொஞ்சம் மூக்கடைப்போடு. "நானும் அவகூடப் பொறந்தவதான். நானும் கேக்கணும். காலத் தூக்கி வைங்க. கயித்துப் பக்கம் வராதீங்க. கான்ராட் பக்கமா நடங்க."

உள்பக்கத்தின் ஒரு பக்கம் மட்டும் கயிறு இல்லாதது. மரத்துக்கும் மெஷினுக்கும் இடையில் இருக்கும் திறப்பு. அவர் ரம்பத்தை எடுக்கவில்லை. கம்பத்திலிருந்து கையை எடுத்தார். அந்தத் திறப்பு வழியாக, சரிவில் என்னை நோக்கி நடந்து வந்தார். முட்டி நிஜமாகவே வலித்திருக்க வேண்டும். ஒரு காலை இழுத்துத்தான் வைத்தார். ஆஷ் ஒரு முறை சத்தம் கொடுத்தது. அவர் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, கயிற்றின் இறுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். கையுறைக்குள் விரல்கள் ஈரமாக இருந்தன. அதைக் கவனித்தேன்.

மெஷினைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார். டீசலும் மரத்தூளும் வியர்வையும் கலந்த வாடை.

"ரெஜினா?" என்றார்.

"நான் வெளியதான் இருக்கேன். டெஸ்மண்டும் வெளியதான் இருக்காரு. எல்லாரும் வெளிய."

"சூப்," என்றார் அலோசியஸ்.

பக்கத்தில் ஒரு முறை, ஹெல்மெட்டுக்குள் ஒரு முறை, இரண்டு தடவையாகக் கேட்டது.

இழுத்தேன். மெஷின் ஒரு அங்குலம் அமுங்கி, அடிக்கட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. கயிறு கப்பி வழியாக ஓடியது. ஆஷ் நிமிர்ந்தது. ஒரு கணம் நேராக நின்றது. பிறகு வயல் பக்கம் சாய்ந்தது. கீல் உடையும் சத்தம் வந்தபோது அது பாதிக்கு மேல் போயிருந்தது. தரையில் விழுந்ததும் உச்சி முழுவதும் கண்ணாடி போல நொறுங்கி அறுத்த புல்லின் தாள்களுக்கு மேல் தெறித்தது. தூசு எழுந்தது. சமையலறைக் கூரையில் ஒரு ஓடுகூட அசையவில்லை.

பட்டை அறுபடவில்லை. கப்பி இருந்த இடத்தில் இருந்தது. கேட் கம்பத்தருகே ஒரு குச்சிகூட விழவில்லை. அலோசியஸ் அங்கேயே நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"சொல்லு," என்றார்.

"கயிறு வெளிய கெடக்கு."

அவர் தலையை ஆட்டினார். அதுவும் சரிதான் என்பது போல.

ரெஜினா போய் அடிமரத்தில் சுருக்குச் சங்கிலியை மாட்டினாள். நான் கட்டையை மெதுவாகப் பள்ளத்தின் ஓரம் வரை இழுத்தேன். அதன் முனை மண்ணில் குத்தும்போதெல்லாம் நிறுத்தி, அவள் அதைத் திருப்பிவிட, மறுபடி இழுத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் விலகிப் போய் நின்று சொன்னாள். சூப். சூப். சூப். பிறகு சங்கிலியைக் கழற்றி வண்டியில் போட்டாள். சங்கிலி கிளைகளோடு சேர்ந்து சிப்பருக்குள் போய்விட்டால் கத்திகள் துண்டு துண்டாக வெளியே பறக்கும். கப்பியை அவிழ்த்தாள். நான் கயிற்றைக் கையால் வழிநடத்தி, பிசகாமல் சுற்றி, கொக்கியை மாட்டி, ஊசியைச் செருகினேன். இன்ஜினை அணைத்தேன்.

இத்தனை நேரமும் அலோசியஸ் அசையாமல் நின்றிருந்தார். அவர் இவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

இன்ஜின் நின்றதும் எல்லாம் மிகவும் அமைதியாகிவிட்டது. டெஸ்மண்ட் ஒரு தட்டில் வெண்ணெய் இனிப்புகளைத் தூக்கிக்கொண்டு புல்லில் வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தட்டை மெஷினின் ரப்பர் பட்டை மேல் வைத்தார். "நான் அப்புறம் வரேன்," என்றார்.

"இரு," என்றார் அலோசியஸ். "நீயும் கேளு. நாளைக்கி யாராவது ஜெபம் கிபம்னு சொன்னா, நீ சாட்சி."

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றினார். ரெஜினா ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் அணைத்துக்கொண்டாள். அலோசியஸும் கழற்றினார். நெற்றியில் ஹெல்மெட் பட்டை அழுந்திய சிவப்புக் கோடு.

"பெருசா ஒண்ணும் இல்ல," என்றேன்.

"பெருசா இருந்தா நம்பமாட்டேன்."

"மதியச் சாப்பாடு கட்டிட்டிருந்தா. நமக்கெல்லாம் சேத்துத்தான். உருளைக்கிழங்கு அடைச்ச பியரோகி. கீழ் அலமாரியில இருந்ததையெல்லாம் தரையில கொட்டி வச்சிருந்தா. நான் பூட்ஸ் போட்டுட்டிருந்தேன்."

"உன்னப் பாத்தா சொன்னா?"

"இல்ல. அலமாரியப் பாத்து."

"கோவமா?"

"உங்க குரல். ரம்பம் ஸ்டார்ட் ஆகாதப்ப பேசுவீங்களே, அது."

அவர் வாய் ஓரம் அசைந்தது. கையை நீட்டி மெஷினின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இன்ஜின் தகடு இன்னும் சூடாக இருந்திருக்கும். எடுக்கவில்லை. ரெஜினா என் அருகே வந்து நின்றாள். தோள் என் தோளில் பட்டது.

ஹெடியின் குரலில் சொல்லிப் பார்க்க நினைத்தேன். வரவில்லை. என் குரலிலேயே, அவள் சொன்னபடியே சொன்னேன்.

"இந்த வீட்டுல எந்த டப்பாவுக்காவது அதோட மூடி இருக்கா?"